ரிமாண்ட்: "திருப்பாணை" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். "ரிமாண்ட்"ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்னு இங்க பேசிட்டு இருந்தோமே, அதுக்கு என்னோட யோசனை இது. போன வாரம் எங்க தெருவுல ஒரு அம்மா போனை நீட்டி அழுதுட்டாங்க, பையன் அமெரிக்க ராணுவத்துல இருந்து முழங்கால் போய் வெளிய வந்தவன், ஊனத் தொகைக்கு மேல்முறையீடு பண்ணியிருந்தான், வந்த கடிதாசியில "ரிமாண்ட்"னு இருந்ததும் பிள்ளையை உள்ள வச்சிட்டாங்கன்னே நினைச்சிட்டாங்க. நம்ம பேப்பர்ல ரிமாண்ட்னா பதினஞ்சு நாள் காவல்தானே, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

இங்க நடக்குறது வேற. முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் ஃபைலைப் பாக்குது, டாக்டர் வலது காலை மட்டும் பாத்துட்டு இடது காலைப் பத்தி ஒரு வரிகூட எழுதல, இல்ல சர்வீஸ்ல இருந்தப்போ எடுத்த மருத்துவ ரெக்கார்டையே யாரும் வாங்கல, அப்போ "இதைச் செஞ்சு முடிச்சு புதுசா முடிவு எடு"ன்னு கீழ் ஆபீசுக்கே அனுப்பிடும். ஜெயிக்கவும் இல்ல தோக்கவும் இல்ல. அந்த உத்தரவை ஏனோதானோன்னு செய்ய முடியாது, சொன்னபடி செய்யணும்னு கேக்குறது வீரரோட உரிமைன்னு 1998-லயே ஸ்டெகால் வழக்குல கோர்ட் சொல்லிடுச்சு.

அதனாலதான் ரிமாண்டுக்கு முன்னாடி இங்க சொன்ன "மறுஆய்வு"ங்கிற சொல் எனக்கு ஒத்து வரல. 2019 பிப்ரவரி 19-ல இருந்து அங்க நடப்புல இருக்குற புது மேல்முறையீட்டு முறையில, புது ஆதாரம் எதுவும் சேக்காம சீனியர் அதிகாரி ஒருத்தர் திரும்பப் பாக்குறதுன்னு தனியா ஒரு வழியே இருக்கு, மறுஆய்வுங்கிற பேர் அதுக்குத்தான் பொருந்தும். இன்னொரு சொல்லான "மீள்பணிப்பு"ல உத்தரவுங்கிற அர்த்தம் இருக்கு, ஆனா திரும்ப வேலையில சேத்துக்கிட்டாங்கன்னு படிப்பாங்க, அதுவும் பட்டாளத்துக்காரர் விஷயத்துல கட்டாயம் அப்படித்தான் படிப்பாங்க.

நான் சொல்றது "திருப்பாணை". பிடியாணை, அழைப்பாணை ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அந்த வரிசையில இதுவும் உக்காரும், திருப்பி அனுப்புறதும் உத்தரவு போடுறதும் ரெண்டுமே ஒரே சொல்லுல வந்துடுது. நம்ம ஊர் சிவில் வழக்குல மேல்கோர்ட் கீழ்கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்புதே, அதுக்கும் இதையே வச்சுக்கலாம். காவல் ரிமாண்டுக்கு மட்டும் வேண்டாம், அது தனியாவே இருக்கட்டும்.

திருப்பாணாழ்வார் ஞாபகம் வருதேன்னு ஒருத்தர் கேட்டார், எழுத்துல பாத்தா குழப்பம் வராதுன்னுதான் தோணுது. "வாரியம் திருப்பாணை இட்டது"ன்னு சொல்லி அந்த அம்மாகிட்ட விளக்கினேன், "அப்போ இன்னும் முடியல, திரும்பப் பாப்பாங்க"ன்னு அவங்களே சொன்னாங்க. இதைவிடச் சின்னதா யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.