ஹோஸ்ட் பெயர் சரியாத்தான் இருக்கு, சர்வர் ஏத்துக்க மாட்டேங்குது

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். பச்சைத் தேயிலை எடைக்கணக்குக்கு ஒரு சின்ன ஆப் எழுதியிருக்கேன். லேப்டாப்பில் ஓடுது. உபுண்டு (லினக்ஸ் வகை) கிளவுட் சர்வரில் ஏத்தினா டேட்டாபேஸ் ஹோஸ்ட், அதாவது டேட்டாபேஸ் இருக்கிற கம்ப்யூட்டர், தெரியலைன்னு எரர். ஆப்பைத் தொடங்குற ஸ்டார்ட் ஸ்கிரிப்ட், ஹோஸ்ட் பெயர் மாதிரி செட்டிங்ஸ் இருக்கிற என்வ் ஃபைலை சோர்ஸ் பண்ணுது, அதாவது படிச்சு எடுத்துக்குது. அந்த ஃபைலை எழுத்தெழுத்தா பார்த்துட்டேன், பிழையே இல்லை. நேத்து மழையில கரன்ட் போயும் மொபைல் வெளிச்சத்துல பார்த்துட்டிருந்தேன். எரர் வரி மட்டும் விசித்திரமா, மேற்கோள் குறியில ஆரம்பிக்குது. திங்கள்கிழமை அப்பாவோட இலைக்கணக்கை இதுல ஏத்தணும்.

குன்னூர் அக்கா:
தம்பி, அந்த மேற்கோள் குறிதான் துப்பு. ஃபைலை விண்டோஸ்ல எழுதினீங்களா? விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10னு கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறியீடு போடும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிச்சமான 13 ஹோஸ்ட் பெயரோட ஒட்டிக்கிட்டது. அது கர்சரை வரித் தொடக்கத்துக்கு இழுக்கும், அதனாலதான் எரர் வரி தன்மேலேயே எழுதிக்கிட்டு வருது. மறைஞ்ச குறிகளையும் பார்க்க, ஃபைலைத் திரையில காட்டுற கேட் கட்டளையை பெரிய ஏ ஆப்ஷனோட ஓட்டுங்க. வரி முடிவுல வர்ற டாலர் குறிக்கு முன்னாடி தொப்பிக்குறியும் எம்மும் தெரியும், அதுதான் அந்த 13. வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாத்துற டாஸ்2யூனிக்ஸ் கருவியை நிறுவி ஃபைலை அதுல ஒருதரம் ஓட்டினா போதும். இதே பிழையில நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா இழந்திருக்கேன்.

ஊட்டி நண்பன்:
அக்கா சொன்னதோட ஒண்ணு: விஎஸ் கோடு எடிட்டர்ல கீழே வலது ஓரத்துல சிஆர்எல்எஃப்னு (விண்டோஸ் வரி முடிவு) இருக்கும், அதை எல்எஃப் (லினக்ஸ் வரி முடிவு) ஆக்கிடுங்க. பாஸ்வேர்ட் இருக்கிற ஃபைல், 600 பர்மிஷன் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வைங்க. கோடு மாற்றங்களைச் சேமிக்கிற கிட்ல ஏத்திடாதீங்க.

கோத்தகிரிக்காரன்:
தொப்பிக்குறி எம் ஒன்பது வரியிலயும் இருந்துச்சு அக்கா! மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினேன், உடனே கனெக்ட் ஆயிடுச்சு. ரொம்ப நன்றி.