களக்காடு பக்கம்: மாடியில் ஆண்டெனா வைத்தும் 4ஜி வேகம் ஏறவில்லை, 5ஜி ஆண்டெனா வாங்கலாமா?

களக்காட்டு வாழைத்தோப்பு:
வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வீடு. முன்னறையில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஃபைபர் இந்தத் தெரு வரை வரவில்லை, சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான் கதி. டவர் கிழக்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவே வாழையும் தென்னையும்.

மாடியில் யாகி ஆண்டெனா (குறுக்குக் கம்பிகள் வரிசையாக இருக்கும் பழைய டிவி ஆண்டெனா வடிவம்) ஒன்று ஏற்றி, 15 மீட்டர் கேபிள் இழுத்து ரவுட்டரில் சொருகினேன். சிக்னல் கட்டம் இரண்டிலிருந்து மூன்றானது. வேகம் மட்டும் 5 எம்பிபிஎஸ் தாண்டவில்லை. மழை வந்தால் அதுவும் படுத்துவிடுகிறது. வருமானச் சான்றுக்கு வருகிறவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். பதிவேற்றம் பாதியில் நின்றால் மறுநாளும் அலைய வேண்டும். கடைக்காரர் 5ஜி ஆண்டெனா மாற்றச் சொல்கிறார். மாற்றினால் சரியாகுமா? இல்லை, 6ஜி, செயற்கைக்கோள் என்கிறார்களே, அதுவரை பொறுக்கலாமா?

பாளை அலைவரிசை:
அண்ணாச்சி, கட்டத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்பது, கூடினால் நல்லது), பேண்ட் (எந்த அலைவரிசை) மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். கேபிள் என்ன வகை? ரவுட்டருக்குப் பின்னால் ஆண்டெனா சொருக எத்தனை துளை?

களக்காட்டு வாழைத்தோப்பு:
பேண்ட் 40. ஆர்எஸ்ஆர்பி −102, எஸ்ஐஎன்ஆர் 3. மழையில் −115 வரை இறங்குகிறது. கேபிள் மேல் ஆர்ஜி-58 என்று அச்சடித்திருக்கிறது, ஒல்லியான கேபிள். துளை இரண்டு. ஒன்றில் கேபிள், இன்னொன்று சும்மா கிடக்கிறது.

பாளை அலைவரிசை:
சரி, இப்போது தெரிகிறது. யாகி மேல் குறை இல்லை. 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் கொடுத்த வடிவம், இன்றும் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் சிக்கல் கேபிளில் இருக்கிறது.

பேண்ட் 40 என்பது 2300 மெகாஹெர்ட்ஸ். அங்கே ஆர்ஜி-58 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) தின்றுவிடும். 15 மீட்டருக்கு 15 டெசிபல் போனால், மாடியில் பிடித்த சக்தியில் முப்பதில் ஒரு பங்குதான் கீழே வந்து சேர்கிறது. யாகி சேர்த்துக் கொடுக்கும் 10, 12 டெசிபலைவிட இந்த இழப்பு அதிகம்.

சும்மா கிடக்கும் அந்த இரண்டாவது துளையும் முக்கியம். 4ஜி டவர் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளாகத் தரவு அனுப்பும், இதுதான் மைமோ. டவரில் ஆண்டெனாக்கள் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாக 45 பாகை சாய்ந்திருக்கும். ஒற்றை யாகியால் இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டு சாய்வும் உள்ளே இருக்கிற பேனல் ஆண்டெனா, அதாவது தட்டையான பலகை போன்றது, வேண்டும்.

மழை விஷயத்தில் பலரும் மழையையே குற்றம் சொல்வார்கள். 2300-இல் கொட்டுகிற மழையிலும் நான்கு கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூடக் குறையாது. நனைந்த இலை சிக்னலைக் கொஞ்சம் குடிக்கும். ஆனால் 13 டெசிபல் விழுகிறதென்றால் முதலில் கனெக்டரைப் பாருங்கள். கறுப்பு டேப் மட்டும் சுற்றியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தால் அந்தக் கேபிள் இனி உதவாது.

தடித்த கேபிள் வாங்குவதைவிட ரவுட்டரையே மேலே ஏற்றுவதுதான் என் யோசனை. பேனல் ஆண்டெனா உள்ளேயே அமைந்த வெளிப்புற 4ஜி ரவுட்டர் கிடைக்கிறது. கீழே ஒரு லேன் கேபிள் மட்டும் வரும், மின்சாரமும் அதே கேபிளில் ஏறிவிடும். லேன் கேபிள் 15 மீட்டர் ஓடினாலும் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது.

டவர்களும் இந்த வழியில்தான் வந்திருக்கின்றன. முன்பு ரேடியோ கீழே அறையில் இருந்தது, தடித்த கேபிள் உச்சி வரை ஏறியது. அப்புறம் ரேடியோ பெட்டி உச்சிக்குப் போனது. இப்போதைய 5ஜி பேனலில் ரேடியோவும் ஆண்டெனாவும் ஒரே உடம்பு.

பணகுடி காற்று:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்த வேலையெல்லாம் இல்லாமல் சிக்னலைப் பெருக்கிவிடும் பூஸ்டர் ஒன்று வைத்தால் போதாதா? எங்கள் பக்கம் சிலர் வைத்திருக்கிறார்கள்.

அம்பை தாமிரபரணி:
வேண்டவே வேண்டாம் தம்பி. அனுமதியில்லாத பூஸ்டர் இந்தியாவில் சட்டவிரோதம். அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி அனுப்பும், சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் அழைப்பு எல்லாம் கெடும்.

வாழைத்தோப்பு அண்ணாச்சிக்கு: கடையில் "5ஜி ஆண்டெனா" என்று விற்பது பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயும் பிடிக்கிற ஆண்டெனாதான். பேண்ட் 40-க்கு அதனால் தனி லாபம் கிடையாது. 5ஜியின் உண்மையான முன்னேற்றம் டவரில் இருக்கிறது. அந்தப் பேனலுக்குள் 32 அல்லது 64 தனித்தனி ரேடியோ வழிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அலை புறப்படும் நேரத்தைத் துளி மாற்றினால், பேனல் அசையாமலே கதிர் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும். செயற்கைக்கோள் இணையத்தின் தட்டையான ஆண்டெனாவும் இதே முறையில்தான் வானத்தில் ஓடும் கோளைத் துரத்துகிறது. அதற்குத் திறந்த வானம் வேண்டும், உங்களுக்கு மேற்கே மலை மறைக்கும்.

6ஜிக்கு 7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பேச்சு நடக்கிறது, 2027 உலக வானொலி மாநாட்டில் விவாதிக்கப் போகிறார்கள். அலைநீளம் 3.5 கிகாஹெர்ட்ஸின் பாதி என்பதால் அதே பரப்பில் நான்கு மடங்கு ஆண்டெனா அடுக்கலாம். ஆனால் தென்னந்தோப்பை ஊடுருவுவது இன்னும் கடினமாகும். மறைவான இடத்துக்கு அலையைத் திருப்பிவிடும் அறிவார்ந்த பரப்புகள் பற்றியும் ஆய்வு நடக்கிறது. மலை மடிப்பில் இருக்கும் நம் ஊர்களுக்கு அதுதான் வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் இப்போது கடையில் வாங்க முடியாது. அதற்காக இன்றைய வேலையை நிறுத்திவைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 2300-இல் டவருக்கும் வீட்டுக்கும் இடையிலான நான்கு கிலோமீட்டர் பாதையின் நடுவில் நேர்க்கோட்டைச் சுற்றி 11 மீட்டர் வரை இடம் ஓரளவு காலியாக இருக்க வேண்டும். கம்பத்தைத் தென்னை ஓலைக்கு மேலே தூக்குங்கள்.

களக்காட்டு வாழைத்தோப்பு:
கனெக்டரைப் பிரித்தேன், உள்ளே பச்சைதான். வெளிப்புற ரவுட்டர் வாங்கிக் கம்பத்தில் ஏற்றிவிட்டோம். ஆர்எஸ்ஆர்பி −88, எஸ்ஐஎன்ஆர் 14, வேகம் 25-க்கு மேல் நிற்கிறது. நேற்றுச் சாரலிலும் இரண்டு மூன்று டெசிபல்தான் குறைந்தது. பதிவேற்றம் நிற்கவே இல்லை. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஐப்பசி இடி மின்னலுக்கு என்ன செய்ய?

பாளை அலைவரிசை:
ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி. கம்பத்துக்குத் தனியாகத் தடித்த செம்புக் கம்பி இழுத்து எர்த் போடுங்கள். லேன் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து, அதையும் அதே எர்த்தில் சேருங்கள். சுவருக்கு வெளியே கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடி நெருங்கினால் கீழே இருக்கிற பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். நேராக விழுகிற இடியை எந்தக் கருவியும் தாங்காது.