பாடாங் பெசாரில் பாங்காக் போகும் 46-ஆம் எண் இரவு ரயிலுக்குக் கீழ்ப்படுக்கை இல்லை. என்ன வழி?

வணக்கம். மார்ச் இரண்டாம் வாரம் கோலாலம்பூரிலிருந்து பாங்காக் போகிறோம். பெரியவர்கள் இருவர், முழங்கால் வலியுள்ள அம்மா. அம்மாவால் ஏணி ஏற முடியாது, கீழ்ப்படுக்கை கட்டாயம். மேல்படுக்கை அகலமும் குறைவு, ஜன்னலும் கிடையாது.

கேஎல் சென்ட்ரலிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை இடிஎஸ் (மலேசிய மின்சார ரயில்) டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பிற்பகல் போய்ச் சேரும். அங்கிருந்து 46 தாய்லாந்து நேரம் மாலை 5-க்கு, அதாவது நம் மலேசிய நேரம் 6-க்குக் கிளம்பும். பாடாங் பெசார் முதல் பாங்காக் வரை தேடினால் நாங்கள் பார்த்த மூன்று தேதிகளிலும் இடமில்லை. எல்லையிலிருந்து வருவது சில பெட்டிகள்தான், மற்றவை எல்லை தாண்டிய தாய்லாந்து ஊரான ஹாட்யாயில்தான் சேர்க்கப்படுகின்றன. அதனால் ஹாட்யாயிலிருந்து தேடினால் அதே ரயிலில் கீழ்ப்படுக்கை தாராளமாக இருக்கிறது.

பாடாங் பெசாரிலிருந்து பிற்பகல் ஷட்டில் ரயிலில் ஹாட்யாய் போய் ஏறலாம் என்று பார்க்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டே ஷட்டில், டிக்கெட் நிலையத்திலேயே வாங்க வேண்டும். இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கட்டடத்தில்தான், ஆனால் வரிசை நீண்டால் ஷட்டில் போய்விடும். தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை (இணையத்தில் நிரப்பும் நுழைவுப் படிவம்) பயணத்துக்கு மூன்று நாள் முன்பே நிரப்பிவிடுவோம், அதில் தாமதம் வராது. வேனில் போகலாம் என்றால், அம்மாவுக்குக் காலை நீட்ட இடமிருக்காது.

ஷட்டிலைத் தவறவிட்டால், ஹாட்யாய் – பாங்காக் டிக்கெட்டை வைத்துக்கொண்டு 46-இல் பாடாங் பெசாரிலேயே ஏற விடுவார்களா?