கேட் ரிமோட் பஞ்சாயத்து (குன்னூர், எங்க ஃபிளாட்ஸ் குரூப்)

கீதா ஏ2: கேட்டை யாரு திறந்து போட்டது? காட்டெருமை ஒண்ணு பார்க்கிங் வரைக்கும் வந்து நிக்குது. கீழ யாரும் இறங்காதீங்க 🙏

வாட்ச்மேன் அண்ணா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வம் பி1: அவரைத் திட்டாதீங்க. ரிமோட் எடுக்கலன்னு ஆளாளுக்கு ஹாரன் அடிச்சா அவர் என்ன பண்ணுவார்? மோட்டாரை ஃப்ரீ பண்ணி கையால தள்ளி வெச்சுட்டார்.

செக்ரட்டரி: மிஸ்ட் இறங்கினா சிக்னல் வராதாம், சர்வீஸ்காரர் சொல்றார். கேபிள் இழுத்து கார்டு ரீடர் போட்டுடலாம்கறார். நாளைக்கு கோட்டேஷன் போடறேன்.

ராமன் மாமா சி1: இருங்க சார். ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸ். அலை ஒண்ணோட நீளமே 70 சென்டிமீட்டர் கிட்ட. பனித்துளி அதை ஒண்ணும் பண்ணாது.

ராமன் மாமா சி1: சாயங்காலம் ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவரைப் பார்த்தேன். தகர ஷெட்டுக்குள்ள, அதுவும் இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. 17 சென்டிமீட்டர் ஆன்டெனா ஒயர் நேரா நீட்டிட்டு இருக்கணும், அதைச் சுருட்டி டேப் ஒட்டி வெச்சிருக்காங்க. மூடியில ரப்பர் இல்ல, சர்க்யூட் போர்டுல பச்சைக் களிம்பு பூத்திருக்கு. அப்புறம் எங்க எடுக்கும்?

கீதா ஏ2: ஆனா மிஸ்ட் அன்னிக்குத்தானே மாமா கேட் மூடாம நிக்குது? நானே பார்த்திருக்கேன்.

ராமன் மாமா சி1: அது வேற கதைம்மா. ரெண்டு தூணுலயும் எதிரெதிரா குட்டிக் கண்ணு இருக்கே, அது ரேடியோ இல்ல, அகச்சிவப்பு ஒளி. கெட்டி மிஸ்ட் வந்தாலோ கண்ணாடியில தண்ணி படிஞ்சாலோ நடுவுல கார் நிக்குதுன்னு நெனச்சுக்கும், மூடாது. துடைச்சாலே முக்கால்வாசி சரியாகும். தொல்லைன்னு பிடுங்கி மட்டும் போட்டுடாதீங்க, குழந்தைங்க மேல கேட் மூடாம காக்கறதே அதுதான்.

அருண் பி3: ஆப்ல திறக்கற மாதிரி போடலாமே?

செல்வம் பி1: மழையில கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும் தம்பி. போனை ஆட்டிட்டு ரோட்ல நிப்பியா 😂

செக்ரட்டரி: அப்ப கேபிள்?

ராமன் மாமா சி1: கல் படியெல்லாம் தோண்டணும். ஏப்ரல், மே இடியில நீள ஒயர் வழியா சர்ஜ், அதாவது திடீர்னு அதிக கரண்ட், ஏறினா ரீடரும் கன்ட்ரோலரும் சேர்ந்து போகும். அந்த மலிவு 125 கிலோஹெர்ட்ஸ் கார்டும் எப்பவும் ஒரே நம்பரைத்தான் சொல்லும், ஈஸியா காப்பி அடிக்கலாம். செலவு பண்றதா இருந்தா ரிசீவரை மாத்துங்க.

அருண் பி3: காப்பி உண்மைதான். காலி பண்ணிட்டுப் போன ஒருத்தர் கோவையில டூப்ளிகேட் ரிமோட் போட்டுட்டு வந்தார், கேட் திறந்துச்சு.

ராமன் மாமா சி1: திறக்கும். பழைய ரிமோட் ஒண்ணைப் பிரிச்சேன், 20 பிட் நம்பர் அனுப்பற சிப். அதுல 10 லட்சத்துக்கு மேல நம்பர் உண்டுதான், ஆனா ஒரு ரிமோட் ஆயுசுக்கும் ஒரே நம்பரைத்தான் கத்தும். ஒருதடவை கேட்டுப் பிடிச்சு வெச்சவன் எப்ப வேணா திறக்கலாம். ரோலிங் கோடுல ஒவ்வொரு அழுத்துக்கும் நம்பர் மாறும்.

லட்சுமி அக்கா ஏ1: எங்க அண்ணன் வீட்ல அந்த ரோலிங்குதான். பேரன் வீட்டுக்குள்ள உக்காந்து அழுத்தி விளையாடினான், அப்புறம் கேட் திறக்கவே இல்ல.

ராமன் மாமா சி1: கேட் கிட்ட நின்னு அடுத்தடுத்து ரெண்டு தடவை அழுத்தச் சொல்லுங்க. வீட்ல அழுத்தினது ரிசீவருக்குக் கேக்காதுல்ல? ரிமோட்டோட எண்ணிக்கை கொஞ்சம் முன்னாடி போயிருந்தா ரிசீவரே சேர்த்துக்கும். ரொம்பப் போயிருந்தா அடுத்தடுத்து ரெண்டு நம்பர் வந்தாத்தான் நம்பும்.

லட்சுமி அக்கா ஏ1: இப்பவே போன் பண்றேன்

செக்ரட்டரி: சரி, கேபிள் வேணாம்னு சொல்லிடறேன். புது ரோலிங் ரிசீவர், பிளாஸ்டிக் பெட்டி, ஆன்டெனா ஷெட்டுக்கு வெளிய. வீட்டுக்கு ரெண்டு ரிமோட். காலி பண்றவங்க திருப்பிக் குடுத்துட்டுத்தான் போகணும், குடுக்கலைன்னா அந்த ரிமோட்டை மட்டும் அழிக்கற மாடலா கேக்கறேன்.

அருண் பி3: மூணாவது ரிமோட் வேணும்னா?

செக்ரட்டரி: சொந்தக் காசு.

வாட்ச்மேன் அண்ணா: காட்டெருமை மலைப் பக்கம் ஏறிப் போயிருச்சுங்க. கேட்டைச் சாத்திட்டேன்