ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைக்கலாமா?

(வாய்தா, கீழ்க்கோர்ட், ஷரத்து, நகல்மனு ஆகியவை பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

வாய்தா: சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு, சாட்சி விசாரணையில் நிற்கிறது. வக்கீலை மாற்ற வேண்டும். பாக்கியைத் தீர்த்தால்தான் கட்டும் நோ அப்ஜெக்‌ஷனும் (புதிய வக்கீல் வர ஆட்சேபம் இல்லை என்ற ஒப்புதல்) என்கிறார் பழைய வக்கீல். எவ்வளவு பாக்கி என்பதிலேயே தகராறு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

கீழ்க்கோர்ட்: பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் ஒரு வக்கீல் 97,100 ரூபாய் கேட்டு, கூட்டுறவு வங்கியின் கட்டுகளைத் தர மறுத்தார். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் 18 மாதம் தொழில் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தாலும், செய்தது தொழில் தவறுதான் என்றது. ஃபீஸ் வேண்டுமானால் அவர் தனியாகப் பணவசூல் வழக்குப் போடட்டும்.

முதலில் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றையும் வாங்குங்கள். வழக்கு எண், கொடுத்த அசல் பத்திரங்களின் பட்டியல், திருப்பித் தரக் கெடு, மூன்றும் அதில் இருக்கட்டும். கெடு தாண்டினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 3 விதி 4-ன்படி பழைய வக்காலத்தை (உங்களுக்காக ஆஜராக அவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை) முடித்துவைக்க அனுமதி கேட்டு மனு. அனுமதி கிடைக்கும்வரை பழைய வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பழையவர் வரமாட்டார், புதியவர் பெயர் ஏறியிருக்காது, வாய்தா அன்று நீங்கள் பிரதிவாதியாக இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு. வாதியாக இருந்தால் வழக்கே தள்ளுபடி. இரண்டையும் ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போய் நில்லுங்கள்.

ஷரத்து: நுகர்வோர் கோர்ட் வழி 14.5.2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அடைபட்டது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. மிச்சம் இருப்பது வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-ன்படி மாநில பார் கவுன்சிலில் புகார். ஒரு வருடத்தில் முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். ஆனால் புகாரால் கட்டு உடனே கைக்கு வராது.

நகல்மனு: கட்டுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? பிராது, எதிருரை, நிரூபண வாக்குமூலம், உத்தரவுகள் எல்லாம் கோர்ட் கோப்பில் இருக்கின்றன. நகல் மனு போட்டு வாங்கலாம். குறியிடப்பட்ட சான்றாவணங்களும் அங்கேயேதான். மாட்டிக்கொண்டிருப்பது இன்னும் தாக்கல் ஆகாத அசல்கள் மட்டும். பதிவுப் பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுங்கள். அசல் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது கீழ்க்கோர்ட் மேலே சொன்ன தபாலும் டெலிவரி சான்றும்தான் பதில்.

வாய்தா: நகல் மனு வக்கீல் வழியாகத்தான் போட வேண்டுமா?

நகல்மனு: இல்லை, கட்சிக்காரரே கையெழுத்திட்டுப் போடலாம்.