புதுப்பிப்பு: வரத்துக்கால் வாரும் பிளேடு, இரண்டாம் முயற்சி

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் படிந்த வண்டலை ஒதுக்க, டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பிளேடு ஒன்றை நானே செய்ததையும், அது செம்புரைப் பாறையில் முட்டி வளைந்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். தகடு மெலிசு என்று பலர் சொன்னீர்கள். குற்றவாளி தகடு அல்ல. இடித்தால் விட்டுக்கொடுக்க அதற்கு வழியே இல்லை.

குளிர்நாடுகளில் சாலைப் பனியைத் தள்ளும் பிளேடுகள் பலவற்றில் ஸ்பிரிங் உண்டு. கல்லில் இடித்தால் கீழ்விளிம்பு பின்னோக்கி மடங்கும், தாண்டியதும் நிமிரும். செட்டிநாட்டு வெயிலில் நின்று பனிக்கருவியைப் பற்றிப் பேசியதும் பட்டறை அண்ணன் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் செய்து கொடுத்துவிட்டார்.

இப்போது பிளேடு கீலில் தொங்குகிறது. முதுகில் இரண்டு ஸ்பிரிங்குகள். விளிம்புக்குப் பழைய லாரி வில்பட்டை, அதாவது சக்கர அதிர்வைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை. அதை வெல்டிங் செய்யாதீர்கள்: கார்பன் மிகுந்த எஃகு, சூடேறி ஆறினால் ஒட்டின இடத்தருகே வெடிப்பு விடும். போல்ட் போட்டால் தேய்ந்ததும் கழற்றித் திருப்பிக்கொள்ளலாம்.

நேற்று இருமுறை பாறையில் தட்டியது, இருமுறையும் மடங்கி எழுந்தது. ஈர வண்டலுக்கும் மடங்குவதுதான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்கை இறுக்கப் போகிறேன்.