பால்மாற்றமா, பால்திருப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜிலேபி (திலாப்பியா) மீன்குஞ்சுகளுக்கு மூலிகை கொடுத்து எல்லாவற்றையும் ஆணாகவே வளரச் செய்வதற்கு, ஐயா சென்ற மடலில் ‘மூலிகைவழிப் பால்மாற்றம்’ என்ற சொல்லை முன்வைத்தார். அது எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடுவா மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத் தானாகவே பெண்ணாகிவிடும். களவா மீன் இனங்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு. இருந்த பால் போய் வேறு பால் வருகிறது. பால்மாற்றம் என்ற சொல் இதற்கே உரியது. ஜிலேபிக் குஞ்சுக்கு நாம் செய்வது இதுவல்ல.

மேலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் ஹாப்பா வலைக்குள் (குளத்தில் கட்டியிருக்கும் நுண்கண் வலைத்தொட்டி) கையை விட்டுக் குஞ்சுகளை அள்ளிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இமைமயிர் நீளம்தான். வயிற்றில் முட்டையின் மஞ்சள் கரு அப்போதுதான் கரைந்திருந்தது. விந்தகமா (ஆண் உறுப்பு) சூலகமா (பெண் உறுப்பு) என்று உடம்பு இன்னும் முடிவெடுக்காத பருவம். அப்போது தொடங்கி 3, 4 வாரம், கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுத்தால், மரபில் பெண்ணான குஞ்சுக்கும் விந்தகமே வளரும். அந்த ஹார்மோனுக்கு மாற்றாகத்தான் நெருஞ்சியையும் பூனைக்காலி விதையையும் சோதித்து வருகிறார்கள்.

பண்ணைக்காரர் இதை ஒரே வரியில் சொன்னார்: “தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மடையைத் திருப்பி விட்டுடறோம், அவ்வளவுதான்.” நடப்பது அப்படியே அந்த வினையில் இருக்கிறது. அதனால் என் பரிந்துரை ‘பால்திருப்பு’. மூலிகையால் செய்தால் ‘மூலிகைவழிப் பால்திருப்பு’. பால் திரிந்துபோவது நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்கலாம். மீனையும் மூலிகையையும் பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பம் நிற்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, இதன் விளைவாகக் குளத்தில் ஆண்மீன் மட்டுமே இருப்பதற்கான சொல். ‘ஒருபால் மீன்’ வேண்டாம். தாவரவியலில் ஒருபால் பூ என்றால் ஆண், பெண் உறுப்புகளில் ஒன்று மட்டும் உள்ள பூ. அந்தக் கணக்கில் ஜிலேபி எல்லாமே ஒருபால்தான். இங்கே ஒற்றையாக இருப்பது மீனின் பால் அல்ல, குளத்தில் விட்ட மொத்தக் கூட்டத்தின் பால். குஞ்சுகளைக் குளத்தில் விடுவதை ‘குஞ்சு இருப்புச் செய்தல்’ என்று மீன்வளர்ப்பில் ஏற்கெனவே புழங்குகிறோம். அதையொட்டி ‘ஒற்றைப்பால் இருப்பு’ எனலாம். பெட்டை முட்டையை வாயில் அடைகாக்கும் நாட்களில் இரை எடுப்பதே அரிது, வளர்ச்சி நின்றுவிடும். ஆண், பெண் இரண்டையும் சேர்த்து விட்டால் குளம் முழுக்கப் பொடிமீன். இந்தச் சிக்கலும் இருப்பைப் பற்றியதுதானே.

குஞ்சுகளுக்குக் கொடுக்கும் மூலிகைச் சத்தைக் குறிக்கும் ‘தாவரச் சாறு’ என்பதையும் மாற்ற வேண்டும். காய்ந்த நெருஞ்சி முள்ளில் பிழிய என்ன சாறு இருக்கிறது? பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, எத்தனாலை ஆவியாக்கி எடுப்பது அது. ‘வடிசத்து’ எனலாமா? சத்து என்றதும் ஊட்டச்சத்து என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. சித்த மருத்துவம் தெரிந்தவர்கள் இதற்குப் புழங்கும் சொல் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து